வெள்ளையாக விட்ட இடம்

சிந்துஜா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான். "கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்மா. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. முந்தானையப் போட்டு மூடச் சொன்னா மூடிடறேன். பழைய மாதிரி ரெண்டு பக்கமும் வரையச் சொன்னா வரைஞ்சிடறேன். எப்படி இருக்கோ அப்படியே வரையச் சொன்னா அப்படி. நீ சொல்லாம நான் கை வைக்க மாட்டேன். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பணும், பாத்துக்க." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பெரிய மனுஷி. பெற்றவள் முன்னால் மூன்று சேலையை விரித்துப் போட்டு, எதை எடுத்துக் கட்ட என்று கேட்கிற ஜவுளிக்கடைக்காரி மாதிரி கேட்டுவிட்டுப் போகிறாள். சாத்திய கதவைச் செண்பகவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்க்காமலிருக்க அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே மூடியிருந்த பால் பாத்திரத்தை இன்னொரு தரம் மூடிவிட்டு வந்தாள். படம் அங்கேயேதான் இருந்தது. அது எங்கே போகும்.

தையல் மிஷின்மேல் பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள் மகள். கேரம் போர்டு அளவுக்கு ஒரு பலகை, அதில் கிளிப் போட்டுப் பிடித்த தாள், தாளில் கரியால் இழுத்து இழுத்து, செண்பகவல்லி. வேறு யாருமில்லை. இந்த அறையேதான், இதே ஸ்டூல்தான், பக்கத்தில் மூடிபோட்ட இதே மிஷின்தான், நடுவில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கும்பகோணத்தில் படம் வரைகிற காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற பெண், லீவுக்குத் திண்டுக்கல் வந்த இடத்தில், வேறு வேலை இல்லாததுபோல் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கண்காட்சி வைக்கிறார்களாம். ஊர் ஜனமெல்லாம் வந்து பார்க்குமாம். வரைந்தவரைக்கும் குறை சொல்ல முடியாது, அது வேறு விஷயம். ஜன்னல் கம்பி வந்துவிட்டது, கம்பியில் தொங்குகிற அளவு டேப்பு வந்துவிட்டது, கால் பெருவிரல் நகம் கொஞ்சம் கோணலாக வளர்வதைக்கூட அந்தப் பாவி மகள் விடவில்லை. முகம்தான், இது நம் முகமா என்று முதலில் இருந்தது. இவ்வளவு முரடாகவா நான் இருக்கிறேன்? கீழுதடு முன்னால் தள்ளி, யாரோ கூலியைக் குறைத்துக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு மூஞ்சி. ஆஸ்பத்திரியில் கொட்டிப்போய்த் திரும்ப முளைத்த முடி, சீப்புக்கு அடங்காமல் காதுக்கு மேலே நிற்பதுவரை அப்படியே. கழுத்து வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே தோள் எலும்பு இரண்டும் வந்துவிட்டன. மடியில் கோத்த கை வந்துவிட்டது. தோளுக்கும் மடிக்கும் நடுவில்தான் ஒன்றுமே இல்லை. வெள்ளை. வெறும் தாள். சுண்ணாம்பு அடிக்கும்போது சாமி படம் மாட்டிய இடத்தை விட்டுவிட்டு அடிப்பார்களே, அந்த மாதிரி அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வரைந்து வைத்திருக்கிறாள்.

அந்த வெள்ளைக்கும் தானேதான் பொறுப்பு என்பது செண்பகவல்லிக்குத் தெரியாதா என்ன. உட்கார்ந்த முதல் நாளே, "முந்தானையக் கொஞ்சம் தள்ளிக்கம்மா, தோள் தெரியல" என்றாள் மகள். இவள் தள்ளவில்லை, இன்னும் இழுத்து இடுப்பில் செருகினாள். "இடதுபக்கம் துண்டு எதுக்கும்மா வீட்டுக்குள்ள?" என்றாள். "குளிருது" என்றாள் இவள். திண்டுக்கல்லில், சித்திரையில். மகளும் சிரிக்கவில்லை. அந்த இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றதை வரைந்தாள், மறுநாளும் அப்புறம் என்றாள், அப்புறம் அப்புறம் என்று கடைசியில் அது மட்டும் மிஞ்சிப்போய், இதோ பஸ்ஸுக்கு நேரமாகிறது. இந்த வீட்டில் அந்த இடத்தை எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மதுரையில் கட்டியோடு சேர்த்து இடது மாரை எடுத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு, அவள் புருஷன் குருசாமி செய்த முதல் காரியம் பீரோ கண்ணாடிமேல் ஒரு துண்டைப் போட்டதுதான். யாரும் சொல்லவில்லை. அவராகவே, அவள் பாத்ரூமுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து, கல்யாணத்தில் வைத்துக்கொடுத்த பூப்போட்ட துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மில்லுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், அதில் என்ன சந்தேகம். ஆனால் போட்ட துண்டை எப்போது எடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. துவைக்கிற அன்றைக்கு வேறு துண்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துத் துவைப்பாள். தலை சீவுவது, பொட்டு வைப்பதெல்லாம் கைத்தடவலிலேயே. குளிக்கும்போதும் கண்ணை மேலே ஷவர் குழாயில் வைத்துக்கொள்வாள். அதில் தண்ணீர் வந்தே வருஷக்கணக்கு ஆகிறது, அதைப் பார்த்துக்கொண்டு குளிக்கிறாள்.

வெளியே போகவேண்டுமென்றால் பஞ்சு. வெட்டுத்துணியைச் சுருட்டி, மேலே பஞ்சு வைத்து உருண்டை பிடித்து, உள்ளே செருகிக்கொண்டு, அதற்குமேல் முந்தானை, அதற்குமேல் துண்டு. தங்கச்சி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரிக்குச் சந்தனம் கொடுக்கக் கையைத் தூக்கினாள், உருண்டை நழுவி அக்குளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கையை இறக்கினால் கீழே விழுந்துவிடும். பந்தி முடிகிறவரைக்கும் ஒரு கையை இடுக்கிக்கொண்டே நின்று, ஒரு கையாலேயே எல்லாரையும் வாங்க வாங்க என்று சொல்லி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அதோடு விசேஷ வீடுகளுக்குப் போவது நின்றது. அதற்கு முன்பே கடை நின்றுவிட்டது. முன்னறைதான் கடை. சுவரோரம் கட்டைப்பைகளில் ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் துணி அப்படியே கிடக்கிறது. எதிர்வீட்டு மெகருன்னிசா அக்கா கொடுத்த நீலத் துணி எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிறது. "உடம்பு தேறினப்புறம் தைச்சுக் குடு, எனக்கென்ன அவசரம்" என்று சொன்ன மகராசி, அதற்குப் பிறகு ஒருநாள்கூடக் கேட்டதில்லை. செண்பகவல்லி முயலாமல் இல்லை. துணியை விரிப்பாள், தோள் குறிப்பாள், கைக்குழி குறிப்பாள், சாக்பீஸ், மார் எழும்ப முக்கோணமாக மடித்துத் தைக்கிற டாட் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அந்த முக்கோணத்தைப் போட வராது. எத்தனை ஆயிரம் தரம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட முக்கோணம். துணியை மடித்துப் பையில் வைத்துவிடுவாள். சரி, மிஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று போன வாரம் குருசாமியிடம் சொல்லியும் விட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்" என்றார். அன்றைக்கு மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

மூடிவிடச் சொல்லலாம். மூடுவதுதான் மரியாதை. வயதுவந்த பெண்ணின் தாய், முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஊர் பார்க்க ஒரு படம் எதற்கு? ஆனால் மூடினால் இந்தத் துண்டுதானே அதிலேயும். வீட்டில் கண்ணாடிக்கு ஒரு துண்டு, தோளுக்கு ஒரு துண்டு, இனிமேல் கும்பகோணத்திலும் ஒரு துண்டு. அப்படியானால் பழைய மாதிரி இரண்டு பக்கமும் போடச் சொல்லலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அங்கே வருகிறவர்களுக்குத் திண்டுக்கல் செண்பகவல்லியைத் தெரியுமா, அவள் மாரைத் தெரியுமா? ஆனால் சிந்துவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது தலைமாட்டில் நின்றவள் அவள்தானே, கண்ணை எடுக்காமல் நின்றாளே. தெரிந்துகொண்டே பொய்யை வரைய அந்தக் கைக்கு எப்படி இருக்கும். லூர்துமேரி டீச்சர் ஞாபகம் எதற்கு இப்போது வருகிறது? வெகுகாலத்துக்கு முன்னால், மிஷின் வாங்கிய புதிதில், சேலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வந்த டீச்சர். "இந்தப் பக்கம் மட்டும் உள்ளுக்குப் பஞ்சு வச்சுத் தைச்சுரும்மா" என்றார், குரலை இறக்கி. இவளும் ஏன் என்று கேட்காமல் தைத்துக் கொடுத்தாள். உள்ளே போய்ப் போட்டுப் பார்த்த டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வர ரொம்ப நேரமானது. அந்த நேரமெல்லாம் உள்ளே என்ன செய்துகொண்டு நின்றார் என்று அப்போது இவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தெரியும். ஒன்றும் செய்திருக்க மாட்டார். சும்மா நின்றிருப்பார்.

யாருக்குத்தான் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது என்று பார்த்தால், அதுவும் இல்லை. இத்தனை வருஷம் டேப்பைப் பிடித்த கைக்கு அது தெரியும். கல்யாணப் பெண்ணாகட்டும், கிழவியாகட்டும், ஒரு பக்கம் ஒரு நூல் கூடத்தான் இருக்கும், ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பெண் ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். துணியில் மட்டும் சத்தமில்லாமல் கொஞ்சம் விட்டு வெட்டிவிடுவாள், அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டே வந்தவள், தன் கையில் சிந்துஜாவின் கரிக்குச்சி இருப்பதைப் பார்த்தாள். எப்போது எடுத்தாள்? சாக்பீஸ் மாதிரி பட்டையாக இல்லை, முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது, விரலில் கரி ஒட்டியது. சரி, மாரை வரையத்தானே பயம். ஜாக்கெட்டை வரைந்தால் என்ன? செண்பகவல்லி ஸ்டூலில் ஜாக்கெட் போடாமலா உட்கார்ந்திருப்பாள்? ஒரு ஜாக்கெட்டை அவளுக்குத் தைக்கத் தெரியாதா? இந்த யோசனை வந்ததும் முதுகுத்தண்டில் ஏதோ நிமிர்ந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிங் டேபிளில் படுக்க வைத்தாள். நிற்க வைத்து வரைய அவளுக்கு வராது, படுக்க வைத்தால்தான் கை பேசும்.

வலதுபக்கம் இருக்கிறதுதானே, அதில் என்ன தயக்கம் என்று முதலில் வலதைப் போட்டாள். கழுத்து வளைவு, அதிகம் இறக்கமில்லாமல், அவள் எப்போதும் போட்டுக்கொள்கிற அளவு. தோள்பட்டை. கைக்குழி உள்ளே வாங்கி வெளியே வருகிற அந்த வளைவு, மகள் நாலு நாள் வரைந்தாலும் இப்படி வராது என்று ஒரு சின்ன கர்வம்கூட எட்டிப் பார்த்தது, பார்த்துவிட்டுப் போகட்டும். கை அரைமுழம், ஓரத்தில் ஒரு மடிப்புத் தையல். பக்கவாட்டுக் கோடு இடுப்புவரை. அப்புறம் டாட். குச்சி அந்த இடத்துக்கு வந்தது. நிற்கப் போகிறது என்று அவளே காத்திருந்தாள். நிற்கவில்லை. கீழிருந்து ஒரு முக்கோணம், பக்கத்திலிருந்து ஒன்று, கைக்குழியிலிருந்து ஒன்று, மூன்றும் கூடுகிற இடத்தில் துணி தானாக எழுந்து நிரம்பியது. தாளில் துணி நிரம்புமா? நிரம்பியது. சிந்து செய்வதைப் பார்த்திருந்த மாதிரி விரலால் தேய்த்து அடியில் நிழல் வைத்தாள், இன்னும் நிரம்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் போடவராத முக்கோணம், வந்துவிட்டது, மூன்றும் வந்துவிட்டன. அடி செம்பா, மிஷினைக் கொடுக்கப் பார்த்தாயே என்று தன்னையே வைதுகொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் வாய் ஏதோ முணுமுணுக்கிறது, கை தன் பாட்டுக்குக் கிளிப்பைக் கழற்றுகிறது, தாளின் ஓரத்தைப் பிடித்து நடுவாக்கில் மடக்குகிறது, மடித்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுக்கிறது, மேலே உள்ளங்கையால் தட்டுகிறது.

தட்டிய பிறகுதான் தெரிந்தது.  ஜாக்கெட் வெட்டுகிறவள் ஒரு பக்கம்தான் குறிப்பாள். மறுபக்கத்துக்குத் தனியாகக் குறிக்கமாட்டாள். துணியை மடித்துத் தட்டினால் சாக்பீஸ் மாவு அடுத்த பக்கம் ஒட்டிக்கொள்ளும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்துவிடும், தொழில் பழகிய முதல் மாசத்திலேயே கைக்கு வந்துவிடுகிற வேலை. ஆனால் இது துணி இல்லையே. பெற்ற பெண் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்த தாள். மடித்தால் மடிந்ததுதான், இஸ்திரி போட்டு எடுக்க முடியாது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிறதே, அவள் வந்து கேட்டால் என்ன சொல்வேன், கை தானாகச் செய்தது என்றால் நம்புவாளா? மடித்த தாளின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றாள். எடுத்தால் பார்க்க வேண்டும், எடுக்காவிட்டால் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிந்தபோதும் இப்படித்தான், கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கிடந்தாள், திறக்காதவரைக்கும் இரண்டும் இருந்தன. தெருவில் காய்காரர் வண்டி போனது. பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தி ஓய்ந்தது. செண்பகவல்லி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டுக்கும் தெய்வம் இருக்கிறது. மேலே தாள் வளைந்ததே தவிர மடியவில்லை. கழுத்துக்குழியிலிருந்து மடியில் கோத்த கைவரைக்கும்தான் நட்டநடுவில் நேராக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தது வேறு. வெள்ளையாக இருந்த இடதுபக்கத்தில், கரி ஒட்டிக்கொண்டு, மங்கலாக, புகை படிந்த மாதிரி, ஒரு மார். அவளுடையதுதான். மூன்று டாட்டும், அடி நிழலும், வளைவும், எல்லாம் அப்படியே. போனது வந்து உட்கார்ந்திருந்தது. அதே நேரத்துக்கு அங்கே அரிக்கவும் ஆரம்பித்தது. இது அவள் யாரிடமும் சொல்லாத விஷயம், டாக்டரிடம்கூட. இல்லாத இடத்தில் அரிக்கும். சொறியப் போனால் கை நெஞ்செலும்பில் இடிக்கும், அரிப்பு அதற்கும் மேலே, வெறுங்காற்றில், பழைய இடத்திலேயே இருக்கும். எதைச் சொறிய? பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து எத்தனை நாள் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நீதானா அது, என்றாள் தாளைப் பார்த்து, சத்தமாகவே. நீதானா இத்தனை நாள் அரித்தது.

இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். மங்கலை அழுத்தமாக்கிவிட்டால் செண்பகவல்லி முழுசாக ஆகிவிடுவாள், மகளே வந்து பார்த்தாலும் பிசகு சொல்ல முடியாது. குச்சியைத் தாளுக்குக் கொண்டுபோய்விட்டாள். பஞ்சு உருண்டை அக்குளில் உட்கார்ந்த அந்தக் கல்யாண வீடு நினைவுக்கு வந்தது. இதுவும் உருண்டைதான், கரி உருண்டை. கும்பகோணத்துச் சுவரில் யாரும் பார்க்காதபோது நழுவி விழுமோ என்று இங்கே உட்கார்ந்து பதறிக்கொண்டிருக்க வேண்டும். சரி, அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தாள். அதற்கும் மனசு வரவில்லை. வந்ததைத் துரத்துகிற மாதிரி இருந்தது. குச்சி ஒரு கையில், ரப்பர் ஒரு கையில், நடுவில் இவள். வழக்கமாகக் கடைக்கு வருகிற பெண்கள் இப்படிக் குழம்பினால் என்ன சொல்வாள்? அளவு கொடும்மா, அளவு எடுக்காமல் எப்படி வெட்டுவது என்பாள். செண்பகவல்லிக்கு அளவு எடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று. ரப்பரை வைத்தாள். பீரோ பக்கம் போனாள். பூப்போட்ட துண்டின் நுனியைப் பிடித்தாள். பயம் வந்தது, வந்தால் வரட்டும் என்று ஒரே உதறு, துண்டு தரையில். முந்தானையை எடுத்தாள், தோள்துண்டை எடுத்தாள், கொக்கிகளைக் கழற்றினாள், பஸ் ஏற்றிவிடப் போகவென்று செருகியிருந்த உருண்டை கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் போயிற்று, போகட்டும். கண்ணாடியில் ஒருத்தி நின்றாள். தெரிந்தவள்தான், கொஞ்சம் முடி நரைத்திருக்கிறது. வலதில் சரிந்த மார். இடதில் அக்குளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு தழும்பு, மற்றபடி சமதரை. அவ்வளவுதானா? எதையோ பெரிய பள்ளத்தை, பார்த்தால் உயிர் போய்விடுகிற ஒரு கோரத்தை மூடி வைத்திருக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள். தழும்பை உற்றுப் பார்த்தாள். தையல் நல்ல தையல். ஒரே சீராக, சுருக்கமில்லாமல், ஓரம் பிசிறாமல். போட்டவருக்குக் கை நல்ல கை என்று அவள் வாய் தானாகச் சொல்லிற்று, சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டாள். சிரித்தபோது வலது ஆடியது, இடது ஆடவில்லை. ஆடாவிட்டால் என்ன, நெஞ்சு இருக்கிறது, அதற்குள் அடித்துக்கொள்வது இருக்கிறது, டேப்பைப் போட்டால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. டேப்பைப் போட்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்கிற நேரம்கூட வேண்டாம். ஜாக்கெட்டை மாட்டி, முந்தானையைப் போட்டுக்கொண்டு டேபிளுக்கு வந்தாள். இடது தோளில் குச்சியை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து இடுப்புவரைக்கும் டாட் இல்லாமல், வளைவு இல்லாமல், கை தூக்காமல் ஒரே கோடு. அழுத்தி இழுத்தாள். மங்கலான மார் அதற்குப் பின்னால் அப்படியே இருக்க, முன்னால் துணி தட்டையாக, இழுத்துப் பிடித்த மாதிரி, நேராக இறங்கியது. இப்படி ஒரு ஜாக்கெட்டை அவள் வெட்டியதே இல்லை. மடித்து வெட்ட முடியாத ஜாக்கெட். இடதுக்கு ஒரு வெட்டு, வலதுக்கு ஒரு வெட்டு, இரண்டும் சேர்ந்தால் ஒரே உடம்பில் உட்காரும். இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? ஊரில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத டிசைன், செண்பகவல்லி டிசைன். இனி மிஞ்சியது அந்த நடு மடிப்பு. அதைப் பார்த்தாள், சிரிப்பு வந்தது. நட்டநடுவில், கழுத்திலிருந்து இடுப்புவரைக்கும், நேராக விழுந்திருக்கிற மடிப்பை எந்த டெய்லராவது கோளாறு என்பாளா? அது கொக்கிப் பட்டி. மடிப்புமேலேயே பட்டியை இழுத்து, அதன்மேல் வரிசையாகக் கொக்கி போட்டாள். ஒவ்வொரு கொக்கியும் தாளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது. கடைசிக் கொக்கியைப் போட்டு நிமிர்ந்தபோது இடுப்பு வலித்தது, நெற்றி வேர்த்திருந்தது, துடைத்ததில் நெற்றியெல்லாம் கரி. படத்தில் இருந்தவள் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இப்போது அந்த முரட்டு மூஞ்சிக்கு அர்த்தம் இருந்தது. ஜெயித்தவள் மூஞ்சி அப்படித்தான் இருக்கும், அதற்கு என்ன செய்ய.

கதவைத் திறந்துகொண்டு வந்த சிந்துஜாவின் கையில் பேன்சி ஸ்டோர் பை. முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கப் போயிருந்தாள், கரி உதிராமலிருக்கப் படத்துக்கும் அதைத்தான் அடிப்பார்களாம். உள்ளே வந்தவள் முதலில் துண்டு இல்லாத கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். அப்புறம்தான் டேபிளைப் பார்த்தாள்.

"மடிச்சுட்டியாம்மா?" என்றாள், முகம் விழுந்துபோய்.

"துணின்னு நெனச்சுட்டேன்டி."

சிந்துஜா டேபிள் பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வைவாளோ, அழுவாளோ என்று செண்பகவல்லி முந்தானை நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மகளின் விரல் கொக்கிகளுக்குமேல் தொடாமல் இறங்கி, இடதுபக்கம் போய், மங்கலுக்கு மேலே நின்றது.

"இந்த நிழல அழிக்கவாம்மா?"

"அழிக்காத. அது இருந்துச்சுல்ல."

சிந்துஜா தலையை ஆட்டினாள். அம்மாவின் நெற்றியிலிருந்த கரியைத் துடைக்கப் போய், துடைக்காமல், கழுத்தைக் கட்டிக்கொண்டு இடதுபக்க நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரும் முகம் வைத்து வெகுநாளாயிற்று. நடுவில் உருண்டை இல்லாததால் அவள் காது நேராக நெஞ்சில் இருந்தது. "பஸ்ஸு போயிரும்டி" என்றாள் செண்பகவல்லி. விடவில்லை அந்தப் பெண், இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஸ்ப்ரேயை எடுத்தாள்.

ஸ்ப்ரே காய நேரமில்லை. மேலே பேப்பர் போட்டால் ஒட்டிக்கொள்ளும், சேலைப் பக்கம் திருப்பிப் பிடித்தால் சேலையில் ஒட்டிக்கொள்ளும். பஸ் ஸ்டாப்வரைக்கும் பெட்டியை மகள் தூக்குவது, பலகையை வெளிப்பக்கம் பார்க்க அம்மா பிடித்துக்கொண்டு வருவது என்று ஆயிற்று. செண்பகவல்லி பலகையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பாதித் தெரு வந்த பிறகுதான் தோளில் துண்டு இல்லை என்பது ஞாபகம் வந்தது. உருண்டையும் கட்டிலுக்கு அடியில். திரும்பலாமா என்று கால் ஒரு நொடி கேட்டது. எதற்குத் திரும்ப, மறைக்கவேண்டியதைத்தான் தெருவுக்குக் காட்டிக்கொண்டு போகிறோமே. வெயில் தாளில் நேராக அடித்தது. தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு வந்த மெகருன்னிசா அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"செம்பா, நீதானே இது? நம்ம சிந்து வரைஞ்சதா?"

"மூஞ்சி சிந்து வரைஞ்சது. ஜாக்கெட்டு நான் தைச்சது" என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டு நடந்தவள், நாலு எட்டு போய்த் திரும்பினாள். "அக்கா, உன் நீலத்துணி அப்படியே கிடக்கு. நாளைக்குக் காலையில கடை திறக்குறேன், அளவு குடுக்க வா."